கெடு நாள் யாருடைய நாள்?

கரண்ட் பில், தண்ணீர் வரி, டெலிபோன், இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று எந்தக் காகிதத்தை எடுத்தாலும் அதில் ஒரு மூலையில் 'கடைசி நாள்' என்று ஒரு தேதி இருக்கும். எதற்குக் கடைசி நாள் என்று மட்டும் தெளிவாக இருக்காது. நாம் பணம் கொடுப்பதற்கா, அவர்கள் கணக்கில் பணம் ஏறுவதற்கா? கவுண்டரில் வரிசையில் நின்று ரொக்கமாகக் கட்டிய காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. நான் நீட்டிய நிமிடமும் அவர் வாங்கிய நிமிடமும் ஒன்று. ரசீதில் முத்திரை விழுந்துவிடும். நடுவில் பாங்க் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஒரு நாள் இரண்டு நாளாகப் பிரிந்தது. நம் வயதுக்காரர்களில் பலர், கையில் பணம் இருந்தும் தாமதக் கட்டணம் அழுவது அந்தப் பிளவினால்தான்.

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழியில். தமிழ் வீட்டிலும் தெருவிலும் வந்தது, இங்கிலீஷ் ஆபீஸ் கோப்புகளில் வந்தது. அதனால் ஒரு விஷயத்துக்கு மூன்று பாஷையிலும் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. பிரெஞ்சில் கெடு நாளுக்கு 'எஷெயான்ஸ்' என்று ஒரு சொல். பாங்க் தன் கணக்கில் எந்த நாளிலிருந்து அந்தப் பணத்தை மதிப்பாக எடுத்துக்கொள்கிறதோ, அதற்கு 'தாத் த வலேர்' என்று வேறொரு சொல். இரண்டையும் குழப்ப முடியாது. தமிழில் நாம் 'கெடு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். அது கேட்கும்போதே கெடுதல் மாதிரி ஒலிக்கிறது என்பது வேறு விஷயம்.

இந்தக் கெடு விவகாரம் பாங்குகளை விடப் பழையது. வியாபாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுத்த உண்டியல் சீட்டுகளில் தொடங்கியது. குறித்த தேதியில் பணம் வராவிட்டால் எத்தனை நாள் பொறுக்கலாம் என்பது ஊருக்கு ஊர் வழக்கமாக இருந்தது. நெப்போலியன் காலத்தில், 1807-இல் வந்த பிரெஞ்சு வணிகச் சட்டம் அந்த வழக்கத்தை ஒரே வெட்டாக வெட்டியது. சலுகை நாள், தயவு நாள், உள்ளூர் வழக்கம் எல்லாம் ரத்து. கெடு நாள் விடுமுறையில் விழுந்தால் முந்தின நாளே கட்டிவிட வேண்டும். 1819-இல் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் புதுச்சேரியிலும் அமலுக்கு வந்தன.

பிரிட்டிஷ் இந்தியாவில் நிலைமை வேறு. 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம், தேதி குறித்த உண்டியலுக்கும் புரோநோட்டுக்கும் மூன்று நாள் சலுகை கொடுத்தது. சலுகை என்று வாய்வார்த்தையாக இல்லை. குறித்த தேதிக்கு மூன்றாம் நாள்தான் அது முதிரும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்த மூன்றாம் நாள் விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தின வேலை நாள். அதில் மட்டும் இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் ஒத்துப்போனார்கள்.

ஆகவே இங்கே முதல் தேதி கட்ட வேண்டிய சீட்டை, சுமார் பதினான்கு மைல் தள்ளி, தென்பெண்ணையைத் தாண்டிக் கடலூரில் எழுதியிருந்தால் நாலாம் தேதி கட்டலாம். ஒரே தமிழ், ஒரே செட்டியார் கடைகள், இரண்டு சட்டம். 1875-இல் பாரிஸில் தொடங்கிய இந்தோசீன பாங்குக்கு இங்கே கிளை இருந்தது. பிரெஞ்சு இந்தியாவின் ரூபாய் நோட்டையே அந்த பாங்க்தான் அச்சிட்டது. ஆனால் சாதாரணக் குடும்பம் அதன் படியேறிக் கரண்ட் பில்லைக் கட்டியதாக நான் பெரியவர்கள் வாயால் கேட்டதில்லை. பாங்க் என்பது வியாபாரிக்கும் துரைக்கும்தான்.

வீட்டுச் செலவுக்குள் பாங்க் வந்தது வெகு பின்னால். 1969-இல் 14 பாங்குகள் தேசியமயமான பிறகு கிளைகள் பெருகின, சம்பளம் மெல்ல மெல்ல கவரிலிருந்து கணக்குக்குப் போனது, செக் புத்தகம் கிளார்க் வீட்டு அலமாரியிலும் இடம் பிடித்தது. அதோடு அந்தக் கேள்வியும் வந்து சேர்ந்தது: செக் கொடுத்த நாளா, அது பணமான நாளா?

இதற்குச் சட்டத்தில் பதில் அப்போதே இருந்தது. லாந்தர் விளக்கு செய்து அரசாங்கத்துக்கு விற்ற ஓகலே கிளாஸ் ஒர்க்ஸ் என்ற கம்பெனியின் வருமான வரி வழக்கில், 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. செக் திரும்பாமல் பணமாகிவிட்டால், செக்கைப் பெற்றுக்கொண்ட நாளே பணம் கொடுத்த நாளாகக் கணக்கில் வரும் என்பது அதன் சாரம். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த அதே வருடம் என்பதால் எனக்கு அந்த ஆண்டு மறப்பதில்லை. செக் கொடுக்கும் எளிய மனிதனுக்கு இது நல்ல தீர்ப்பு. நடுவில் பாங்க் எடுத்துக்கொள்ளும் நாட்கள் அவன் தலையில் ஏறவில்லை.

ஆனால் நடைமுறை எப்போதும் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போக ஒரு சந்து கண்டுபிடிக்கும். அந்தச் சந்தின் பெயர் ரப்பர் ஸ்டாம்ப். 'செக் பணமாவதற்கு உட்பட்டது' என்று ரசீதின் மேல் ஊதா மையில் ஒரு குத்து. நானே அலுவலகத்தில் அந்தக் குத்தை ஆயிரக்கணக்கில் குத்தியிருக்கிறேன். செக் திரும்பினால் ரசீது செல்லாது என்பதுதான் அதன் நியாயமான பொருள். நாளடைவில் சில இடங்களில் அதையே 'பணமான நாள்தான் கட்டிய நாள்' என்று படிக்கத் தொடங்கினார்கள். பில்லின் பின்பக்கப் பொடி எழுத்தில் அப்படியே அச்சிட்டும் விட்டால், அது ஒப்பந்த நிபந்தனை ஆகிவிடுகிறது. பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத நிபந்தனை.

செக் பணமாக எத்தனை நாள் ஆகும்? உள்ளூர் செக்குக்கு இரண்டு மூன்று நாள், வெளியூர் செக் என்றால் வாரக்கணக்கு. தபாலில் போய், அந்த ஊர் கிளையில் பாஸாகி, திரும்பி வர வேண்டும். 1980-களின் பிற்பாதியில் பெருநகரங்களில் செக்கின் அடியில் காந்த மை எழுத்து வந்தது, இயந்திரம் பிரிக்கத் தொடங்கியது. செக் காகிதமே பயணம் செய்யாமல் அதன் படம் மட்டும் போகும் முறை டெல்லியில் 2008-இலும் சென்னையில் 2011-இலும் வந்தது. 2025 அக்டோபர் 4 முதல் பகலில் வரும் செக்குகளை ஸ்கேன் செய்து உடனுக்குடன் அனுப்புகிறார்கள், அன்று மாலை ஏழு மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரம் இரண்டு மூன்று நாளாகி, இப்போது ஒரு பகலாகிவிட்டது. அதற்குள் நம் வீட்டில் செக் எழுதுகிற ஆளே குறைந்துவிட்டார்கள்.

இடையில் இன்னொரு மாற்றம் நடந்தது. செக்கில் நாம் பணத்தைத் தள்ளினோம். அது போய்ச் சேர்ந்தது. 1990-களில் ரிசர்வ் பாங்க் கொண்டுவந்த இசிஎஸ் முறையில் அவர்கள் பணத்தை இழுக்கத் தொடங்கினார்கள். ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் மாதாமாதம் குறித்த நாளில் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். பிரான்சில் இதற்கு 'ப்ரெலெவ்மான்' என்று பெயர். பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தச் சொல் பழக்கமாகியிருக்கும். அங்கே வாடகை, கரண்ட், தண்ணீர் எல்லாம் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறது. இங்கே இசிஎஸ் பின்னால் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் 'நாச்' என்ற முறையாக மாறியது. வேலை ஒன்றுதான்.

இந்த முறையில் மறதிக்கு இடமில்லை, அது பெரிய நன்மை. தபால் தாமதம், டிராப் பாக்ஸ் எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்ற கவலை எதுவும் இல்லை. ஆனால் கெடு நாளன்று கணக்கில் பணம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் அடி. பணம் இல்லாமல் கட்டளை திரும்பியதற்கு நம் பாங்க் ஒரு கட்டணம் எடுக்கும். பணம் வராததற்கு பில் கொடுத்தவர் தாமதக் கட்டணம் போடுவார். செக் திரும்பினால் 138-ஆம் பிரிவு என்று எல்லோருக்கும் தெரியும். அது 1989 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. இப்படிப்பட்ட மின்னணுக் கட்டளை பணம் இல்லாமல் திரும்பினாலும், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறைக்கு வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கரண்ட் பில்லுக்கு யாரும் அதுவரை போவதில்லை. ஆனாலும் தெரிந்திருப்பது நல்லது.

இங்கேதான் விடுமுறைக் கதை திரும்ப வருகிறது. பல வருடங்கள் வரை இந்த இழுப்பு பாங்க் வேலை நாளில் மட்டும் நடந்தது. ஐந்தாம் தேதி ஞாயிறு என்றால் திங்கட்கிழமை எடுப்பார்கள். நெப்போலியன் சட்டத்துக்கு நேர் எதிர். விடுமுறை நம் பக்கம் நின்றது. 2021 ஆகஸ்ட் 1 முதல் ரிசர்வ் பாங்க் இந்த முறையை வாரத்தின் எல்லா நாளும் இயங்கச் செய்தது. ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதற்கும் நிற்காது. பென்ஷன், சம்பளம், வட்டி எல்லாம் விடுமுறையிலும் வந்து விழும் என்று பத்திரிகைகளில் போட்டார்கள். விடுமுறையில் போகவும் போகும் என்பது அந்தச் செய்திகளின் கடைசி வரியில் இருந்தது.

காலையில் கடற்கரையில் என்னோடு நடக்கிற நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், சர்க்கரை வியாதிக்காரர். அவருடைய மருத்துவக் காப்பீட்டுத் தவணை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி ஒரு கணக்கிலிருந்து போகும். பென்ஷன் வருவது வேறு பாங்கில். இந்தக் கணக்கில் வீட்டு வாடகைப் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டுவார். ஐந்தாம் தேதி ஞாயிறு என்றால் திங்கட்கிழமை பாங்க் திறந்ததும் முதல் ஆளாகப் போய்க் கட்டுவார்; பல வருடம் அப்படியே நடந்தது. 2021 செப்டம்பர் 5 ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலை வழக்கம்போல் கட்டிவிட்டு வந்தார். அதற்கு முந்தின நாளே கட்டளை வந்து, பணம் இல்லை என்று திரும்பிப் போயிருந்தது.

கட்டணம் போனது பெரிய தொகை இல்லை. பயங்கரம் வேறு இடத்தில் இருந்தது. திரும்பிய கட்டளையை மறுபடி அந்த மாதம் அனுப்பவில்லை. அவர் பாலிசியில் மாதத் தவணைக்கு 15 நாள் சலுகை. அது தாண்டினால் பாலிசி போய்விடும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்குக் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து ஆரம்பம். எஸ்எம்எஸ் வந்திருந்தது, அவர் அதையெல்லாம் பார்ப்பதில்லை. பதினெட்டாம் தேதி ஊரிலிருந்து வந்த மகள் போனை வாங்கிப் பார்த்ததால் தப்பித்தார்.

"என்ன முசியே இது? பணத்தைக் கட்டினவனைப் பார்த்து பணம் கட்டலைன்னு சொல்றாங்க" என்றார் என்னிடம்.

"நீங்க கட்டினது திங்கக்கிழமை சார். அவங்க கேட்டது ஞாயித்துக்கிழமை" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை எந்த பாங்க் சார் திறந்திருக்கு?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல. கட்டடம் பூட்டியிருந்தாலும் பாங்க் திறந்திருக்கிறது என்பதை 68 வயது மனிதருக்கு ஒரே மூச்சில் விளக்க முடியவில்லை. அவர் கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒரு முறையை மாற்றுகிறவர்கள், அந்த முறையை நம்பி வாழ்கிறவனுக்குப் புரியும்படி சொல்லிவிட்டு மாற்ற வேண்டும். எழுபதைத் தொட்டவர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டால் கடமை முடிந்துவிடாது.

நாமே அனுப்பும் முறைகளிலும் இதே வரலாறுதான். 2005-இல் நெஃப்ட் வந்தபோது பணம் தொகுதி தொகுதியாகப் போனது, அதுவும் பாங்க் நேரத்தில் மட்டும். வெள்ளிக்கிழமை மாலை கடைசித் தொகுதியைத் தவறவிட்டால் அடுத்த வேலை நாள் வரை பணம் நகராது. 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நாலாம் சனிக்கிழமைகளும் விடுமுறையாகிவிட்டன. கெடு நாள் ஞாயிறு என்றால் வெள்ளியன்றே முடித்துவிட வேண்டும் என்ற கணக்கு அப்போது உண்மையாகவே தேவைப்பட்டது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் இருபத்துநாலு மணி நேரமும், அரை மணிக்கு ஒரு தொகுதியாக, ஓடுகிறது. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் பழைய பயத்தை விட்டுவிடலாம். என் சொந்தக்காரர் ஒருவர் இன்னும் நாலு நாள் முன்னால் அனுப்புகிறார். தப்பில்லை, தூக்கம் வருகிறது என்றால் அனுப்பட்டும்.

யுபிஐ 2016-இல் வந்தது. பில்களை ஒரே இடத்தில் கட்டும் பாரத் பில் முறையும் அதே வருடம் சோதனையாகத் தொடங்கியது. பெரும்பாலும் நொடியில் முடிகிறது. தகராறு வருவது, நம் கணக்கில் பணம் பிடித்து, அந்தப் பக்கம் சேராமல் 'பெண்டிங்' என்று தொங்கும்போது. கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு இப்படித் தொங்கினால் மறுபடி கட்டுவதா, காத்திருப்பதா? ரிசர்வ் பாங்க் 2019 செப்டம்பரில் போட்ட உத்தரவுப்படி, கடைக்கோ நிறுவனத்துக்கோ யுபிஐயில் கட்டிய பணம் சேராவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நமக்கு நஷ்ட ஈடு. நம் பாங்க் நமக்குக் கட்டும் தாமதக் கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு இந்தப் பக்கமும் திரும்பியது பார்த்து எனக்குக் கொஞ்சம் திருப்திதான். ஆனால் அந்த ஐந்து நாளில் பில்லின் கெடு போய்விடும். அதனால் மூன்று நான்கு நாள் முன்பே கட்டிவிட்டு, வருகிற பரிவர்த்தனை எண்ணை அந்தப் பில்லின் மேலேயே பேனாவால் எழுதி வைக்கிறேன். போனில் இருக்கிறதே என்பார்கள் பேரப்பிள்ளைகள். போன் தொலையும், மாறும், தண்ணீரில் விழும்.

கார்டிலோ யுபிஐயிலோ 'ஆட்டோ பே' போட்டிருப்பவர்கள் ஒரு தொகையை ஞாபகம் வைக்க வேண்டும். 2021 அக்டோபர் முதல், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாக அறிவிப்பு வர வேண்டும் என்று விதி. 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் நாம் மறுபடி சம்மதம் தந்தால்தான் போகும். 2022-இல் அந்த வரம்பை 15,000 ஆக்கினார்கள். கரண்ட் பில் பொதுவாக அதற்குள் அடங்கும். வருடப் பிரீமியம் சில நேரம் அடங்காது. காப்பீட்டுப் பிரீமியம், கிரெடிட் கார்டு பில் போன்ற சிலவற்றுக்கு 2023 டிசம்பரில் ஒரு லட்சம் வரை தளர்த்தியிருக்கிறார்கள். இவை தவிர நாமே வைக்கிற உச்சவரம்பு ஒன்று உண்டு. குளிர்காலத்துப் பில்லைப் பார்த்து 2,000 என்று வைத்துவிட்டு, மே மாதம் ஏசி ஓடி 3,500 வந்தால், ஆட்டோ பே பேசாமல் நின்றுவிடும். கட்டியாகிவிட்டது என்று நாமும் பேசாமல் இருப்போம்.

பிரான்சில் இதைவிட நிதானமாகச் செய்கிறார்கள். ஐரோப்பியப் பொது முறையில் பணம் இழுப்பதற்கு முன், வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால், 14 நாள் முன்பாகத் தெரிவிக்க வேண்டும். இழுத்த பிறகும் எட்டு வாரத்துக்குள், காரணம் சொல்லாமலே பாங்கிடம் திரும்பக் கேட்கலாம். நம்முடைய 24 மணி நேரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வயதானவர்களை மனதில் வைத்து யார் யோசித்திருக்கிறார்கள் என்று புரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நம் ரிசர்வ் பாங்க் பழைய தாட்சண்யத்தைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. 2022 ஜூலை முதல், கிரெடிட் கார்டுக் கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். மூன்று நாள்! 1881-இன் அதே எண்ணிக்கை. யாராவது பழைய சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து எழுதினார்களா, தற்செயலா என்று என்னால் சொல்ல முடியாது. வித்தியாசமும் இருக்கிறது. பழைய மூன்று நாள் கெடுவையே தள்ளிவைத்தது. இந்த மூன்று நாள் தள்ளிவைக்கவில்லை: நாலாம் நாள் வரை நீங்கள் கட்டாவிட்டால், கட்டணத்தைக் கணக்கிடுவது பில்லில் அச்சிட்ட தேதியிலிருந்துதான்.